மத்தியானத்தில் வெளியே போ, பிள்ளை

கல்கிசை,
மார்கழி மாதம்.

அன்புள்ள பிள்ளைக்கு,

ஒஸ்லோவில் பின்னேரம் மூன்றரைக்கே இருட்டிவிடுகிறது, பல்கலைக்கழகம் விட்டால் அறை, அறை விட்டால் தமிழ்க்கடை, ஏப்ரல் மட்டும் இப்படியே சமாளித்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த முடிவு சரியில்லை. அதைச் சொல்லத்தான் பெரியம்மா பேனாவை எடுத்திருக்கிறா.

கொழும்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். வெயில் இங்கே யாரும் தேடிப் போகிற பொருள் அல்ல. கல்கிசைக் கடற்கரையில் ஆட்கள் நடப்பது விடியக் காலையில், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து கடலடிக்கு இறங்குகிற குடும்பங்களும் ஐந்து மணிக்குப் பிறகுதான் இறங்குகின்றன. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் குடையில்லாமல் புறப்படுகிற பிள்ளையை எந்த வீட்டிலும் ஏசுவார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் நீ ஒஸ்லோவில் போய் இறங்கியிருக்கிறாய். அங்கே டிசம்பர் 20ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை ஒன்பது மணி கழிந்து எழும்பி, பின்னேரம் மூன்று மணி கழிந்ததும் மறைந்துவிடுகிறது. பகல் ஆறு மணித்தியாலம்கூட இல்லை. இங்கே காலாற நடக்கப் போகிற நேரம் அங்கே இரவு. இங்கே உள்ளே ஒதுங்குகிற நேரம்தான் அங்கே வெளிச்சம். வழக்கத்தைத் தலைகீழாக மாற்று. பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், வகுப்புக்கு நடுவில் கிடைக்கிற அரைமணித்தியாலமாவது வெளியே நட. மேகம் மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். நித்திரைக்கும் விழிப்புக்கும் நேரம் வகுக்கிற உடம்பின் கடிகாரத்துக்கு அந்த வெளிச்சம் வேண்டும்.

அந்த நாட்டுக் குளிருக்குள் போன முதல் தமிழர் நீ அல்ல. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் மீன்பிடித் தொழிலறிவைத் தேடி 1956இல் நோர்வே போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சீநோர் நிறுவனம் உருவாகி, வலைத் தொழிற்சாலையும் படகுத் தளமும் வந்ததன் பின்னால் அவர் இருந்தார். அவருக்குப் பின், எழுபதுகளிலும் எண்பதுகளிலும், இளைஞர்கள் பலர் மாணவர்களாகப் போனார்கள். அவர்களில் பலரை ஏற்றுக்கொண்டவை பரீட்சையும் புள்ளியும் இல்லாத, விடுதியோடு சேர்ந்த ஒரு வருடப் பள்ளிகள். மொழியோடு சேர்த்துக் காடும் மலையும் பனிச்சறுக்கும் பழக்குவது அந்தப் பள்ளிகளின் இயல்பு. தென்னை மரத்தைத் தவிர வேறொன்றிலும் ஏறியறியாத பொடியங்கள் காலில் நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு விழுந்து எழும்பினார்கள்.

வடக்கே போனவர்களின் கதை இன்னும் கடினமானது. பின்மார்க் மாகாணத்தின் வார்டோ, ஹம்மர்ஃபெஸ்ட், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற துறைமுகங்களில் மீன் பதனிடும் ஆலைகளில் எங்கள் ஆட்கள் வருடக்கணக்காக நின்று மீன் வெட்டினார்கள். ஹம்மர்ஃபெஸ்டில் நவம்பர் பிற்பகுதியில் மறைகிற சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். அந்த இரண்டு மாதமும் மத்தியானத்தில் சில மணித்தியாலம் நீலம் கலந்த மங்கல் வெளிச்சம் வரும், பிறகு அதுவும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் 1988இல் பிறந்து மூன்று வயதில் நோர்வே போன கம்சாயினி குணரத்தினத்தின் குடும்பம் முதலில் வாழ்ந்தது அந்த ஹம்மர்ஃபெஸ்டில்தான். அவர் 2015இல் ஒஸ்லோவின் பிரதி மேயரானார், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அந்தத் தலைமுறைப் பெற்றோரில் பலர் வீடு, வேலை, கோயில், கலியாண மண்டபம் என்ற வட்டத்துக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல வாய் வராது. இரண்டு வேலை பார்த்து ஊருக்குக் காசு அனுப்பியவர்களுக்கு உலாவ நேரம் ஏது? உனக்கு அந்தப் பாரம் இல்லை, பிள்ளை. ஆகவே அந்த வட்டமும் உனக்குத் தேவையில்லை.

வெளிச்சத்துக்காக மனிதர் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு ரியூகான் என்ற சிற்றூரைக் கேட்டுப்பார். ஒஸ்லோவுக்கு மேற்கே, ஆழமான பள்ளத்தாக்கில், நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தை நம்பி நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் கட்டியெழுப்பிய தொழிலாளர் ஊர் அது. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை மலை மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழாது. மலையுச்சியில் இருக்கிற வெயிலைக் கண்ணாடியால் கீழே திருப்பலாம் என்ற யோசனை 1913இலேயே எழுந்தது. அப்போது அது கைகூடவில்லை. பதிலுக்கு 1928இல் நிறுவனம் ஒரு கம்பிவடத் தொட்டிலைக் கட்டிக் கொடுத்தது. பொருள் ஏற்றுவதற்கு அல்ல, ஊர்ச்சனம் மேலே போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு வருவதற்கு! கண்ணாடி யோசனை எழுந்து நூறு வருடம் கழித்து அதற்கும் உயிர் வந்தது. 2013 ஒக்டோபரில், ஊருக்கு மேலே சுமார் 450 மீற்றர் உயரத்தில், சூரியனைப் பின்தொடர்ந்து திரும்புகிற மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வட்டமாக வெயிலை விழுத்தினார்கள். திறப்பு நாளில் சனம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, சாய்வுக் கதிரைகளோடு வந்து அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தது. வெயிலுக்காக மலையில் கண்ணாடி நட்ட சனத்தின் நாட்டில், கிடைக்கிற பகல் வெளிச்சத்தைத் திரைச்சீலை மூடி நீ அறைக்குள் கழிப்பது எவ்வளவு அநியாயம்!

சட்டமும் உன் பக்கம்தான். 1957இல் நிறைவேறிய வெளிப்புற வாழ்வுச் சட்டப்படி, பயிரிடாத காட்டிலும் மலையிலும் யாரும் நடக்கலாம். அது யாருடைய காணி என்று கேட்க வேண்டியதில்லை, குடியுரிமையும் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: கோடையில் கால் வைக்கக் கூடாத வயலில்கூட, நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது நடக்க அனுமதி. வீட்டு வளவுக்குள் மட்டும் போகாதே. அந்த நாட்டில் குளிர்காலம் நிலத்தைப் பூட்டுகிறது என்று நீ நினைத்தாய். உண்மையில் அது கூடுதலான நிலத்தைத் திறந்துவிடுகிறது. மதில் கட்டிப் படலை பூட்டி வாழ்ந்து பழகிய எங்களுக்கு நம்பக் கடினமான சட்டம்தான்.

ஒஸ்லோவில் இதற்கு வாகனம்கூடத் தேவையில்லை. முதலாம் இலக்க மெட்ரோவில் ஏறிக் கடைசித் தரிப்பிடமான ஃபுரொக்னர்செத்தரனில் இறங்கினால் காடு. பனி விழுந்த காலத்தில் அங்கிருந்து சறுக்குவண்டியில் உட்கார்ந்து சுமார் 2 கிலோமீற்றர் கீழே வழுக்கி வரலாம். கீழே வந்ததும் சனம் வண்டியையும் தூக்கிக்கொண்டு மறுபடி மெட்ரோவில் ஏறி மேலே போகும். 1883இல் தொடங்கிய பனிச்சறுக்குச் சங்கம் காட்டுக்குள் பாதை சீர்செய்து வைத்திருக்கிறது. சில பாதைகளில் இருட்டிய பிறகும் விளக்கு எரியும், வேலை முடிந்து வருகிறவர்கள் அதில்தான் சறுக்குகிறார்கள். சாமான் வாங்கக் காசில்லை என்று சொல்லாதே. ‘பூஆ’ என்ற இரவல் நிலையங்கள் நாடெங்கும் பனிச்சறுக்குப் பலகையையும் சப்பாத்தையும் இலவசமாகக் கொடுத்து வாங்குகின்றன.

உடுப்பு விஷயத்தில் அம்மாவின் புத்திமதியைக் கொஞ்சம் தள்ளி வை. அவ அனுப்பிய பருத்தி உள்ளுடுப்பு கொழும்புக்கு நல்லது, அங்கே ஆகாது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத மேலங்கி. ஒரே தடித்த கோட்டைவிட இப்படி அடுக்கிப் போடுவது மேல், ஏனென்றால் நடந்து சூடேறும்போது ஒன்றைக் கழற்றலாம். புறப்படும்போது இலேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் வியர்க்கும், நின்றதும் நடுங்கும். சப்பாத்து விரலை நெரிக்கக் கூடாது. விரல் பிரியாத கையுறை மற்றதைவிடச் சூடு. தெரு உறைந்திருக்கும் நாளில் சப்பாத்துக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பற்களை வாங்கு. இருட்டில் வாகனக்காரர் கண்ணில் படும்படி ஒளி தெறிக்கும் பட்டியைக் கையில் கட்டு. நோர்வேக்காரர் பையில் தோடம்பழமும் சொக்கலேற்றும் கொண்டு போவார்கள். நீ சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணியும், ஊரிலிருந்து வந்த பருத்தித்துறை வடையும் கொண்டு போ.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதே. வெளியே நடப்பதால் விற்றமின் டி கிடைத்துவிடாது. குளிர்காலத்தில் அந்த உயர் அட்சரேகையில் சூரியன் தாழ்ந்து நிற்பதால், தோலில் அதை உண்டாக்கும் கதிர் போதிய அளவு வந்து சேர்வதில்லை. எங்கள் நிறத்துக்கு அது இன்னும் கடினம். அங்குள்ளவர்கள் குளிர் மாதங்களில் மீனெண்ணெய் குடிப்பது அதற்காகத்தான். வைத்தியரிடம் இரத்தத்தைப் பரிசோதித்து, அவர் சொல்கிற அளவை எடு.

பனி பட்டால் சளி பிடிக்கும் என்பாய். சளியைக் கொண்டுவருவது கிருமி. அது பரவுவது பூட்டிய அறைக்குள், ஆளோடு ஆள் நெருங்கி இருக்கும்போது. யாழ்ப்பாணத்தில் திருவெம்பாவைக் காலத்தில் விடிவதற்கு முன்னமே சங்கும் சேமக்கலமுமாகத் தெருத் தெருவாகப் போன பொடியங்களும் மார்கழிப் பனிக்குள்தானே நடந்தார்கள்? மனப்பாங்கும் முக்கியம். வட நோர்வேயில் உள்ள ட்ரொம்சோ நகரத்துக்குப் போய்க் குளிர்காலத்தை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் காரி லைபோவிட்ஸ், குளிர்காலத்தைத் தாங்கவேண்டிய சுமையாகப் பார்க்காமல், அனுபவிக்க ஏதோ இருக்கிற காலமாகப் பார்க்கிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருப்பதைக் கண்டார். அதிசயம் என்னவென்றால், இருட்டுக் கூடிய வடக்கில் அந்த மனப்பாங்கு ஒஸ்லோவைவிட வலுவாக இருந்தது. மனம் துவண்டு படுக்கையை விட்டு எழும்பவே முடியாத நிலை வந்தால் மட்டும் நடையை நம்பி இராதே, வைத்தியரிடம் போ.

ஆசைப்பட்டு அவசரப்படவும் கூடாது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் நோர்வே மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மலை விதிகளை நாடு முழுவதும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள். எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ, வானிலையைப் பார், நேரத்தோடு திரும்பு, பாதியில் திரும்பி வருவது வெட்கமல்ல என்பவை அவற்றுள் சில. ஏரிப் பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பாவது இருக்கவேண்டும், அதுவும் அந்த இடத்தை அறிந்த ஆள் ஒருவர் கூட இருக்கும்போதுதான் கால் வைக்கலாம். கடலோரத்தில் வளர்ந்த உனக்கு, நீரின் மேல் நடப்பது விளையாட்டல்ல என்று விளக்கத் தேவையில்லை.

உன் விடுதியில் இன்னும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதாக எழுதியிருந்தாய். அவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு மெட்ரோவில் ஏறு. இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். வடையைப் பங்கிட மறவாதே, அடுத்த மாதம் இன்னொரு பொதி அனுப்புவோம்.

அன்புடன்,
பெரியம்மா