முதற்கதிரைப் போற்றும் காமத்தான் திருநாள்

பெருஞ்சமயங்கள் பரவுவதற்கு முன்னரே, நிலத்தையும் பருவத்தையும் தெய்வமெனப் போற்றி வாழ்ந்த மக்கள் உலகெங்கும் இருந்தனர். விளைச்சலின் முதற்பகுதியைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல், அதனைத் தந்த ஆற்றலுக்கு உரிமையாக்குவது அவர்தம் மரபு. அத்தகைய தொன்மரபு ஒன்று நம் நாட்டிலேயே இன்றும் நிலைத்துள்ளது. சபா மாநிலத்துக் கடசான்-டூசுன் மக்கள் கொண்டாடும் காமத்தான் என்னும் அறுவடைத் திருநாளே அது.

ஹுமினோடுன் கதை

முன்னொரு காலத்தில் கொடும்பஞ்சம் தோன்றியதாம். மக்கள் பசியால் வாடுவதைக் காணப் பொறாத படைப்புக் கடவுள் கினோயிங்கான், தம் ஒரே மகளான ஹுமினோடுனைப் பலியாக ஈந்தார். அவளது உடலை நிலத்தில் விதைத்தபோது, தசையிலிருந்து நெல்லும் தலையிலிருந்து தென்னையும் விரல்களிலிருந்து இஞ்சியும் முளைத்தன என்பர். நெல்லில் உறையும் அவளது ஆவியே பம்பாஸோன் எனப்படும். ஆகவே, அம்மக்களுக்கு நெல் வெறும் உணவன்று. ஓர் உயிரின் ஈகையாகும்.

ஏழு கதிர்கள்

அறுவடை தொடங்குமுன், பொபோஹிசான் எனப்படும் பூசாரிப் பெண்மணி வயலுக்குச் செல்வார். விளைந்து நிற்கும் பயிரில் மிகச் சிறந்த ஏழு தாள்களைத் தேர்ந்து ஒன்றாகக் கட்டுவார். மந்திரம் ஓதி, பம்பாஸோனுக்கு உணவும் படைப்பார். அறுவடையின்போது சிறந்த கதிர்கள் அடுத்த பருவத்து விதைக்கெனத் தனியே சேமிக்கப்படும்.

இச்சடங்கில் உழவர் அறிவும் அடங்கியிருப்பதைக் காண்க. நெல் களத்தில் குவிந்து கலந்துவிட்டால் நல்ல தாளின் மணி எது, நோயுற்ற தாளின் மணி எதுவென்று பிரித்தறிய இயலாது. பயிர் நிற்கும்போதே தேர்ந்தால்தான் தரமான விதை கிட்டும். அதிகப் பால் தரும் தாய்மரத்தின் மொட்டையே ஒட்டுக்கட்டத் தேர்ந்தெடுப்பதை அறிந்த தோட்ட மக்களுக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். உண்பதற்கு முன் விதையை ஒதுக்கிய குடும்பமே மறு ஆண்டும் உண்டது.

அறுவடைக்குப் பின் மகாவாவ் என்னும் சடங்கு நிகழும். கவனக்குறைவால் சிந்தியும், பூச்சியாலும் வெள்ளத்தாலும் அழிந்தும் போன மணிகளோடு பம்பாஸோனின் கூறுகளும் சிதறிவிடும் என்பது நம்பிக்கை. அவற்றைப் பொபோஹிசான் பாடி அழைத்து, ஒன்றுசேர்த்து, வீட்டுக்குக் கொணர்வார். சிந்திய ஒரு மணிக்கும் கணக்கு உண்டு என்னும் பாடத்தை இதனினும் அழகாக உரைக்க முடியுமோ?

இன்றைய நிலை

1960 ஆம் ஆண்டு முதல் இவ்விழா மாநில அளவில் கொண்டாடப்பட்டு வருகிறது. மே 30, 31 ஆகிய நாள்கள் சபாவிலும் லாபுவானிலும் பொது விடுமுறையாகும். சுமாசாவ் நடனமும், ஹுமினோடுனின் நினைவைப் போற்றும் உண்டுக் ஙாடாவ் அழகியர் தேர்வும் பெருங்கூட்டத்தை ஈர்க்கின்றன. அம்மக்களுள் பெரும்பாலோர் இன்று கிறித்துவ, இசுலாமிய நெறிகளைத் தழுவியவர்கள். எனினும் விழாவை அனைவரும் கூடிக் கொண்டாடுகின்றனர்.

ஆயினும், ஒரு கவலை உண்டு. ரினாயிட் எனப்படும் நெடிய மந்திரப் பாடல்கள் பழமொழிநடையில் அமைந்தவை. வாய்வழியாக மட்டுமே வந்தவை. பல்லாண்டுப் பயிற்சி பெற்ற பொபோஹிசான்கள் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். ஒரு மூதாட்டி மறைந்தால், எழுதப்படாத பாடல்கள் பலவும் அவருடன் மறைகின்றன. 1997 இல் கடசான்-டூசுன் மொழி சபா தொடக்கப்பள்ளிகளில் பாடமாக நுழைந்தது நல்ல தொடக்கமே. ஆனால், வீட்டில் பேசப்படாத மொழியைப் பள்ளி மட்டும் காத்துவிட முடியாது. நெல்லுக்கு விதை ஒதுக்கிய மக்கள், தம் மொழிக்கும் விதை ஒதுக்கவேண்டிய காலம் இது. தோட்டங்களில் தாய்மொழியைப் பேணிவரும் நாம் இக்கவலையை நன்குணர்வோம்.

சிந்தனைக்கு:

1. சிறந்த கதிர்களை அறுவடைக்கு முன்பே தேர்ந்ததன் பயன் யாது?
2. மகாவாவ் சடங்கு உழவருக்கு உணர்த்தும் பாடம் எது?
3. உங்கள் வீட்டு முதியோர் மட்டுமே அறிந்த பாடல் அல்லது வழக்கம் எது? அதனை உங்கள் பிள்ளைகள் கற்றுள்ளனரா?