புதிய மாதிரிப் பிக்கப் வருமுன் கேட்டறிய வேண்டியவை

மாங்காய்ப் பருவம் நெருங்கும்போதெல்லாம் சிங்காரப்பேட்டை வட்டாரத்து அங்கத்தினர்களிடையே ஒரு பேச்சு எழுவது வழக்கம். "இப்போதுள்ள வண்டியை வாங்குவதா? அடுத்த மாதிரி வரட்டும் என்று காத்திருப்பதா?" என்பதே அப்பேச்சு. வண்டி ஒருவர் பொருளாயின் அது அவரவர் விருப்பம். பத்துப் பேர் சேர்ந்து, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, கடன் பெற்று வாங்கும் வண்டியாயின், தவறிய தேர்வின் சுமை பத்துக் குடும்பங்களின் மீதும் விழும். ஆதலின் புதிய மாதிரி ஒன்றின் அறிவிப்பை எவ்வாறு படிப்பது என்பதை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.

முதலில், இதுவரை நிகழ்ந்த மாற்றங்களைப் பார்ப்போம். வரப்போவதை ஊகிக்க அவையே துணை. சென்னையில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயரில் தோன்றிய அசோக் லேலண்ட் நிறுவனம், 1980இல் ஓசூரில் ஆலை அமைத்தது. பெரிய லாரிகளும் பஸ்களும் செய்துவந்த அந்நிறுவனம், ஜப்பானிய நிஸான் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து 2011இல் 'தோஸ்த்' என்னும் சிறு பாரவண்டியை வெளியிட்டது. ஒன்றேகால் டன் சுமை, மூன்று சிலிண்டர் டீசல் இயந்திரம், 60 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றல் என்பன அதன் இயல்புகள். நிஸான் 2016இல் கூட்டிலிருந்து விலகியது. பின்னர் 2020 செப்டம்பரில் 'படா தோஸ்த்' வந்தது. இரு வண்டிகளின் பெயரும் இந்துஸ்தானி. பிறந்த இடமோ நம் ஓசூர். படா தோஸ்த் 80 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் உடையது. ஐ-3 என்னும் வகை 1,405 கிலோவும், ஐ-4 என்னும் வகை 1,860 கிலோவும் சுமக்கும் என அறிவிக்கப்பட்டது. போட்டியாளரும் வாளா இருக்கவில்லை. மகிந்திரா நிறுவனம் 2023இல் வெளியிட்ட பொலேரோ மேக்ஸ் பிக்கப், வகைக்கேற்ப 1.3 டன் முதல் 2 டன் வரை சுமப்பது. அதன் பெரிய வகையில் சரக்குத் தளத்தின் நீளம் 10 அடி. எனவே மாதிரி மாறுந்தோறும் சுமை கூடுகிறது, ஆற்றல் கூடுகிறது, ஓட்டுநர் அறை செப்பமடைகிறது. அடுத்து வருவதும் இவ்வழியே செல்லும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

ஆயினும் சுமை கூடுவது எல்லோருக்கும் நன்மையா? இங்கேதான் சற்று நின்று கணக்கிட வேண்டும்.

வண்டியின் மொத்த எடைக்குச் சட்டம் ஒரு வரம்பு வகுத்துள்ளது. அவ்வரம்பிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதே சுமை. ஆகவே சுமையைக் கூட்ட இரு வழிகள் உண்டு: அச்சையும் சட்டத்தையும் வலுப்படுத்தி மொத்த எடையை உயர்த்துவது ஒன்று, வெறும் வண்டியை இலேசாக்குவது மற்றொன்று. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் எஃப்-150 என்னும் பெரும் பிக்கப்பை 2015ஆம் ஆண்டு மாதிரியில் மாற்றியமைத்தபோது இரண்டாம் வழியைக் கைக்கொண்டது. எஃகு உடலை நீக்கி அலுமினிய உடல் அமைத்ததால், வண்டியின் எடை 300 கிலோவுக்கு மேல் குறையலாயிற்று. அங்கே கம்பெனியார் அரும்பாடுபட்டுக் குறைத்த எடையை, இங்கே நாம் வண்டி வாங்கிய மறுவாரமே கொல்லுப் பட்டறையில் ஏற்றிவிடுகிறோம்! பக்கச் சட்டங்களை உயர்த்துவதும், தார்ப்பாய் போர்த்த இரும்புப் பந்தல் அமைப்பதும், முன்னும் பின்னும் கம்பி பொருத்துவதும் அழகுக்காகவும் பயனுக்காகவும் செய்யப்படுவன. அவை 100 கிலோ கூடினால் சுமையில் 100 கிலோ குறைகிறது.

இதனை மாங்காய்ப் பெட்டியால் அளந்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 20 கிலோ காய் கொள்கிறது எனவும், வெறும் பெட்டி 2 கிலோ எனவும் வைத்துக்கொள்வோம். 1,405 கிலோ சுமக்கும் வண்டியில் 63 பெட்டிகள், அதாவது 1,260 கிலோ காய் செல்லும். 1,860 கிலோ சுமக்கும் வண்டியில் 84 பெட்டிகள், 1,680 கிலோ காய் செல்லும். பின்னதில் 100 கிலோ இரும்பை ஏற்றிவிட்டால் 80 பெட்டிகளே செல்லும். நடைக்கு 80 கிலோ காய் நட்டம். பருவத்தில் 60 நடை என்றால் 4,800 கிலோ! அந்நட்டத்தை ஈடுசெய்யக் கூடுதலாய் ஏற்றுவோர் எடைமேடையில் அகப்படுகின்றனர். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மிகைச் சுமைக்கு அபராதம் ரூ.20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. மாங்கூழ்த் தொழிற்சாலையில் கிடைக்கும் விலையை அறிந்த அங்கத்தினருக்கு இவ்வபராதத்தின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

நெசவாளர் அங்கத்தினரின் நிலை இதற்கு நேர்மாறானது. 10 பவுண்டு நூற்கட்டு ஏறத்தாழ 4.5 கிலோ. கட்டுகளையும் பாவு உருளைகளையும் நெய்து மடித்த சேலைப் பொதிகளையும் அடுக்கும்போது, எடை வரம்பை எட்டுவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடுகிறது. இவர்களுக்கு 1,860 என்னும் எண்ணைவிடத் தளத்தின் நீள அகலமும், மழை நீர் புகாத மூடிய கூடும் முக்கியம். ஒரு நூற்கட்டு நனைந்தால் வரும் இழப்பை வாடகை மிச்சம் ஈடுசெய்யாது.

வேறொரு நுட்பமும் உண்டு. இரண்டு டன் தாங்க அமைத்த வண்டியின் பின்புற வில்பட்டைகள் இயல்பாகவே விறைப்பானவை. முழுச் சுமை இருக்கும்போது அவை வளைந்து கொடுக்கும். அரைச் சுமையில் வளையாமல் வண்டியைத் தூக்கிப் போடும். இராயக்கோட்டைச் சந்தைக்குத் தக்காளியும், ஓசூரிலிருந்து ரோஜாவும் கொண்டு செல்வோர் இதனைக் கருத வேண்டும். நாள்தோறும் 700 கிலோ தக்காளி ஏற்றுபவர் பெரிய வண்டி வாங்கினால், அடிப்பெட்டித் தக்காளி மண்டிக்குச் சாறாகச் சேரக்கூடும். அவருக்கு 'குட்டி யானை' என நம்மவர் அழைக்கும் டாட்டா ஏஸ் போன்ற சிறு வண்டியே பொருந்தும். 2005இல் அது வந்தபின்பே சிறு விவசாயி தன் சரக்கைத் தானே மண்டிக்குக் கொண்டுசெல்வது எளிதாயிற்று.

இனி ஆற்றல். விளம்பரத்தில் குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அது இயந்திரம் மிக வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் அளவு. சவ்வாது மலையடிவாரத்து மேட்டு நிலத்திலிருந்து, மழை பெய்த மண் பாதையில், முழுச் சுமையுடன் வண்டியைக் கிளப்புவதற்கு வேண்டுவது முறுக்குவிசை. அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்க வேண்டும். அவ்வாறு கிடைக்காத வண்டியை ஓட்டுபவர் கிளச்சைத் தேய்த்தே மேடேற்றுவார். ஆண்டுக்கொரு கிளச் மாற்ற வேண்டிவரும். எனவே "எத்தனை குதிரைத்திறன்?" என்று கேட்டதோடு நில்லாது, "முழு முறுக்குவிசை நிமிடத்துக்கு எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது? முழுச் சுமையுடன் எவ்வளவு மேடு ஏறும்?" என்றும் கேட்க வேண்டும். திண்டிவனம் – கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது அவ்வளவு முக்கியமன்று.

1-4-2020 முதல் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால், டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெறுகிறது. சேர்ந்த கரி எரிந்து போக, புகைக்குழாய் நன்கு சூடேற வேண்டும். தறிக்கூடத்துக்கும் சாயப்பட்டறைக்கும் இடையே இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் அச்சூடு ஏறாமல் கரி அடைத்துக்கொள்ளும். இத்தகைய ஓட்டத்துக்கு மின்சார வண்டி ஏற்றது. அதன் மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தரும். ஆனால் பருவ காலத்தில் இரவு பகலாக நடை அடிப்பவருக்கு மின்னேற்றம் செய்யும் நேரமே இடையூறாகும். மின்கலத்தின் எடையும் சுமைக் கணக்கில் கழியும்.

காத்திருப்பதா என்னும் வினாவுக்கு நம் கருத்து இது: சித்திரையில் வண்டி தேவைப்படுவோர் காத்திருக்க வேண்டாம். புதிய மாதிரி வெளிவந்த முதல் ஆண்டில் உதிரிப் பாகங்கள் கிருஷ்ணகிரிக் கடைகளில் எளிதில் கிட்டா. பழுது பார்ப்போர்க்கும் பழக்கம் இராது. மாறாக, புதியது வருமுன் பழைய மாதிரியை விலை குறைத்து விற்பதுண்டு. அதனைக் கேட்டுப் பெறலாம். மறுவிற்பனையில் விலை சற்றுக் குறையும் என்பதையும் மறத்தல் கூடாது. வரியிலும் ஓர் இறக்கம் நேர்ந்துள்ளது. 22-9-2025 முதல் சரக்கு வண்டிகளின் மீதான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. வரியின்றி ரூ.7 லட்சம் மதிப்புள்ள வண்டியில் ரூ.70,000 மிச்சம். இதற்கு முன் வாங்கிய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு கடன் மனுச் செய்பவர்கள் தொகையைத் திருத்திக்கொள்க.

ஓட்டுநர் உரிமத்தைப் பற்றிப் பலர் வினவுகின்றனர். இலகுரக வாகன உரிமம் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை வேறு தனி அனுமதியின்றி ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 6-11-2024 அன்று தீர்ப்பளித்தது. நாம் இங்குக் கூறிய பிக்கப் வண்டிகள் யாவும் அவ்வெடைக்கு உட்பட்டவை.

வண்டி கைக்கு வந்த அன்றே, எந்த வேலைப்பாடும் செய்யுமுன், எடைமேடையில் வெறும் வண்டியை நிறுத்துச் சீட்டுப் பெறுக. பந்தல் அமைத்தபின் மீண்டும் நிறுத்து, இரு சீட்டுகளையும் வண்டிக் கோப்பில் சேர்த்துவிட்டால், பருவத்தின் நடுவில் எத்தனை பெட்டி ஏற்றலாம் என்னும் தகராறு கூட்டாளிகளிடையே எழாது.