அச்சுத் தகடும் அச்சிட்ட தாளும்

சிவகாசி அச்சகத்தில் தகடு ஒன்று. அதிலிருந்து அச்சாகும் தாள்கள் பல. நம் உடலில் மரபணுவே தகடு. அதன் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வே தாள். அதைப் படித்தே செல் புரதத்தை உருவாக்குகிறது. ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட நுண் ஆர்.என்.ஏ.க்கள், தமக்குப் பொருந்தும் தாளைப் பற்றிச் சிதைக்கின்றன. அல்லது படிக்கவிடாமல் தடுக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரும் 2024இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதையொத்த வழியில் செயல்படுவதே, ஆறு மாதத்திற்கொரு முறை போடப்படும் இன்கிளிசிரான் ஊசி. கல்லீரலில் குறிப்பிட்ட ஒரு புரதத்திற்கான தாளை அது அழிப்பதால், கெட்ட கொழுப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

"மரபணு மாறிவிடுமா?" என்று எம்மிடம் கேட்கின்றனர். மாறாது, தகட்டை ஊசி தொடுவதில்லை. ஆனால், ஊசியை நம்பி ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எம்மைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.