வகுப்பு வாட்ஸ்அப் குழுவும் மாணவர் பாதுகாப்பும்

2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, நம்மில் பலர் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். பள்ளிகள் திறந்த பிறகும் அவை தொடர்கின்றன. வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, தேர்வு அட்டவணை எல்லாம் அதில்தான் போகின்றன. பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. வீட்டுப்பாடம் பார்க்கப் பிள்ளை எடுக்கும் அந்தக் கைப்பேசியிலேயே இன்ஸ்டாகிராமும் விளையாட்டுச் செயலிகளும் இருக்கின்றன. எனவே, பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்ற விதியோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை.

வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துச் சேரும் பிள்ளைகள் உண்டு. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பதின்வயதினர் கணக்குகளை இன்ஸ்டாகிராம் தானாகவே தனிப்பட்ட கணக்காக வைக்கிறது. அறியாதவர் செய்தி அனுப்புவதையும் கட்டுப்படுத்துகிறது. பெரியவர் என்று பதிந்துகொண்ட பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். மாணவர்களிடம் இதை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

முதலில் நம் குழுவைச் சரிசெய்வோம்

• குழுவில் உள்ள எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவியின் எண் அறியாதவர் கைக்குப் போக இதுவே வழியாகிவிடக்கூடும். பெற்றோர் எண்களை மட்டும் சேர்ப்போம்.
• அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைப்போம். குழு ஓர் அறிவிப்புப் பலகையாக இருந்தால் போதும்.
• மதிப்பெண் பட்டியலையும், வராதவர் பெயர்களையும் குழுவில் போட வேண்டாம்.
• ஆண்டு விழாப் படங்களைப் பெயர், வகுப்பு, ஊர் சேர்த்துப் பொதுப்பக்கங்களில் பகிர வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்கிறது. அவர்களது தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைப் பொதுவிதியாக வைக்கிறது.
• மாணவருக்குத் தனிச்செய்தி அனுப்பும் பழக்கம் வேண்டாம். தேவையானால் பெற்றோரிடம் பேசலாம்.

ஒரு பாடவேளைச் செயல்பாடு

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஏற்றது. வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சூழலைத் துண்டுச்சீட்டில் கொடுக்கலாம்.

1. தோழியின் எண்ணிலிருந்து செய்தி: "உன் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், உடனே அனுப்பு."
2. ஆன்லைன் விளையாட்டில் பழகிய ஒருவர் படம் கேட்கிறார். வீட்டில் சொல்லாதே என்கிறார்.
3. வகுப்புத் தோழனின் படத்தை ஸ்டிக்கர் ஆக்கிக் கேலி செய்கிறார்கள்.
4. படத்தை வெளியிடுவேன் என்று ஒருவர் மிரட்டிப் பணம் கேட்கிறார்.

முதலில் என்ன செய்வாய், யாரிடம் சொல்வாய் என்று குழுவில் பேசச் செய்யலாம். கடைசிப் பத்து நிமிடத்தில், பெயர் எழுதாமல் ஒரு தாளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லுங்கள்: "இப்படி நடந்தால் பெரியவர்களிடம் சொல்லாமல் இருக்க என்ன காரணம்?"

என் வகுப்பில் முதல் மூன்று சூழல்களுக்கும் சரியான விடைகளையே சொன்னார்கள். ஆனால் தாள்களில் இருந்தவை வேறு. "போனைப் பிடுங்கிடுவாங்க." "என்னைத்தான் திட்டுவாங்க." மாணவிகளின் தாள்களில் மீண்டும் மீண்டும் வந்தது: "படிப்பை நிறுத்திடுவாங்க." மிரட்டுபவர் நம்பியிருப்பதும் இந்த அச்சத்தைத்தான். ஓடிபியைப் பகிராதே என்று நாம் ஆயிரம் முறை சொன்னாலும், இந்த அச்சம் போகாதவரை ஆபத்தில் சிக்கிய பிள்ளை நம்மிடம் வராது.

பிள்ளை சொல்ல வந்தால்

"நீ சொன்னது நல்லது. தப்பு உன் மேல் இல்லை" என்பதே நம் முதல் சொல்லாக இருக்கட்டும். "ஏன் அனுப்பினாய்?" என்ற கேள்வி வேண்டாம். உரையாடலை அழிக்கச் சொல்லக் கூடாது; அதுவே சான்று. மிரட்டுபவருக்குப் பணம் அனுப்பக் கூடாது. அந்தரங்கப் படம் எதையும் நம் கைப்பேசிக்கு மாற்றவோ, ஆசிரியர் குழுவில் பகிரவோ கூடாது. குழந்தைகளின் ஆபாசப் படங்களை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் அந்தப் பிள்ளைக்குத் தீங்குதான்.

பாலியல் தொடர்பான குற்றம் என்றால், பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க நமக்கு உரிமை இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்லி, உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறையில்கூடப் பேசுபொருள் ஆகக் கூடாது.

கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்க: குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்ற உதவி எண் 1930, பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண் 14417.

பெற்றோரிடமும் இதைப் பேச வேண்டும். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், பிள்ளைகள் பெயரின்றி எழுதிய பதில்களைப் பொதுவாகச் சொல்லுங்கள். பின்பு, அன்று இரவே வீட்டில் பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் என்னிடம் சொல். போனையும் பிடுங்க மாட்டேன், பள்ளிக்கூடத்தையும் நிறுத்த மாட்டேன்."