சைக்கிள் சங்கிலிக்கு எவ்வளவு தொய்வு வேண்டும்?

அரூரிலிருந்து சித்தேரி மலைக்கு ஏறும் சாலையில் சைக்கிளை ஓட்டிச் செல்வதைவிடத் தள்ளிச் செல்வதே அதிகமாக இருக்கும். திரும்பி வரும்போது மிதிக்கவே வேண்டியதில்லை. ஆனால் தொய்ந்த சங்கிலி, ஏற்றத்தில் தாக்குப்பிடித்துவிட்டு இறக்கத்தில் கழன்று விழுவதுண்டு. பாரம் இழுக்கும்போது விழாதது சும்மா வரும்போது ஏன் விழுகிறது?

தமிழக அரசு பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கும் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். கியர் இல்லாத சாதாரண சைக்கிள் அது. முன் பல்சக்கரத்தில் 48 பற்கள் இருப்பதாகக் கொள்வோம். சங்கிலியின் ஒரு கண்ணிக்கு நீளம் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. எனவே பல்சக்கரத்தின் சுற்றளவு சுமார் 610 மி.மீ.; ஆரம் 97 மி.மீ. மிதிகட்டையைத் தாங்கும் கிராங்கின் நீளம் 170 மி.மீ.

50 கிலோ நிறையுள்ள ஒருவர், கிராங்க் கிடைமட்டமாக இருக்கும்போது மிதிகட்டைமேல் எழுந்து நிற்கிறார். அவர் தரும் விசை 490 நியூட்டன். திருப்புத்திறன்களைச் சமன்செய்தால், சங்கிலியின் இழுவிசை 490 × 170 ÷ 97, அதாவது ஏறத்தாழ 860 நியூட்டன். இது அவருடைய எடையைப்போல் ஒன்றே முக்கால் பங்கு! இவ்வளவையும் தாங்குவது சங்கிலியின் மேற்பகுதி மட்டுமே. கீழ்ப்பகுதியில் இழுவிசை அநேகமாக இல்லை. 'செயினை டைட் செய்வது' என்று நாம் சொன்னாலும், உண்மையில் சரிசெய்வது இழுவிசையை அன்று, தொய்வைத்தான்.

இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தியதும் மேற்பகுதியும் தளர்ந்துவிடுகிறது. அப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் சங்கிலி குதிக்கிறது. தொய்வு மிகுந்தால் பல்லைவிட்டு விலகுகிறது. கழன்ற சங்கிலி ஆரக்கம்பிகளில் சிக்கினால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். மலைச்சாலை வளைவில் அது விளையாட்டன்று.

அப்படியானால் விறைப்பாக இழுத்துக் கட்டிவிடலாமா? கூடாது. எந்தப் பல்சக்கரமும் அச்சுக்கு மிகச் சரியான மையத்தில் அமைவதில்லை. ஒரு சுற்றில் ஓரிடத்தில் சங்கிலி இறுகும், வேறிடத்தில் தளரும். தொய்வே இல்லையென்றால், இறுகும் இடத்தில் பேரிங்குகள் வீணாகத் தேயும், மிதிப்பதும் கடினம். கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் அசைத்தால், மேலும் கீழுமாக மொத்தம் 12 முதல் 18 மி.மீ. வரை அசைய வேண்டும். இதை மிகவும் இறுகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கிலி மொத்தம் 60 மி.மீ. அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும். இரண்டு பல்சக்கரங்களுக்கும் இடையே நேர்நீளம் 440 மி.மீ. என்றால், பாதி 220. நேர்கோட்டிலிருந்து விலகல் 30. பிதாகரஸ் தேற்றத்தின்படி கர்ணம் 222 மி.மீ. இரண்டு பாதிக்கும் சேர்த்து மிகுதி நீளம் 4 மி.மீ. மட்டுமே! அச்சைப் பின்னுக்கு நகர்த்தினால் மேல், கீழ் இரண்டு பகுதிகளும் நீள்வதால், அதில் பாதியான 2 மி.மீ. நகர்த்தினாலே தொய்வு முழுவதும் போய்விடும். ஆகவே சற்றுக் குறைவாகவே நகர்த்துங்கள்.

சக்கரத்தைக் கையால் இழுத்து இந்த அளவைப் பிடிப்பது கடினம். அச்சின் இரு நட்டுகளையும் தளர்த்திவிட்டு, செயின் அட்ஜஸ்டரின் சிறு நட்டுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று இருபுறமும் மாற்றி மாற்றித் திருகுங்கள். ஆய்வகத்தின் திருகு அளவியில் பயன்படும் அதே தத்துவம்தான். சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, அச்சு நட்டுகளை நன்றாக முடுக்குங்கள். சங்கிலிக்கும் பல்லுக்கும் இடையே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் நகர்ந்தால் ரிம்முக்கும் பிரேக் கட்டைக்கும் உள்ள இடைவெளியும் மாறியிருக்கும். அதைச் சோதிக்காமல் இறக்கத்தில் இறங்காதீர்கள்.

சில வாரங்களிலேயே மீண்டும் தொய்ந்தால், சங்கிலி தேய்ந்துவிட்டது என்று பொருள். 'செயின் நீண்டுவிட்டது' என்பார்கள். தகடுகள் நீள்வதில்லை, மண்ணும் எண்ணெயும் குழைந்து உள்ளிருக்கும் ஊசிகளையும் அவை சுழலும் துளைகளையும் அரைத்துவிடுகின்றன. உங்கள் அடிஸ்கேலை எடுத்து, ஓர் ஊசியின் மையத்தில் சுழியை வையுங்கள். 24 கண்ணிகள் தள்ளியுள்ள ஊசி சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அது அரைக்கால் அங்குலம் தாண்டியிருந்தால் எவ்வளவு திருகியும் பயனில்லை. புதுச் சங்கிலி போட வேண்டியதுதான். ஃப்ரீவீலின் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி சரியாக உட்காராது.