உப்புக்காற்றும் பழைய வண்டியும்

இராஜாக்கமங்கலத்தில் பழைய கார் பார்க்க வருபவன் முதலில் படிக்க வேண்டியது உப்பைப் பற்றித்தான். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அதற்குப் பிறகு. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று துறையில் அலையை உடைத்துத் தூவலாக்கி, தென்னந்தோப்புகளைத் தாண்டி ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். வெளியே நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் விரலை இழுத்து நாக்கில் வைத்தால் கரிக்கும். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் அம்பாசிடரையும், ஈத்தாமொழியிலேயே நின்ற அம்பாசிடரையும் அடுத்தடுத்து ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி வண்டி என்று நம்ப முடியாது.

எங்கள் பக்கம் வருகிற வண்டிகளில் அம்பாசிடர்தான் அதிகம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை வைத்து வங்காளத்தின் உத்தரபாராவில் 1957-இல் ஓடத் தொடங்கிய தயாரிப்பு, 2014-இல் நின்றது. அடுத்தது பத்மினி, பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100-ஆகப் பிறந்து 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும். அது நம்ம சென்னையில் செய்த வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறெங்கும் செய்யப்பட்டதில்லை.

வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். போன கோடையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அப்பா காலத்து அம்பாசிடரை ஓட்டிக்கொண்டே வந்தார்.

“வண்டி நல்ல கண்டிஷன்தான் கேட்டியளா. பெயிண்ட் மட்டும் அடிச்சித் தந்தியள்னா போதும்.”

“பார்ப்போம் சார். ஒரு கப் காப்பி குடிச்சிட்டு இருங்க.”

ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு ஓரமாக நகர்த்தினேன். ஹெட்லைட்டுக்கு மேலே காந்தம் பிடிக்கவே இல்லை. அங்கே தகரம் போய், பட்டிதான் முழுக்க நின்றது. பிறகு கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகரம் கணீரென்று பேசும். அழுகிய தகரம் சப்பென்று இருக்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் ரப்பர் மேட்டைத் தூக்கினால் தரை வழியாக எங்கள் சிமெண்ட் தளம் தெரிந்தது. வாத்தியார் காப்பி டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பரிசோதனையைத் தாங்களே செய்யலாம். பளபளப்பைப் பார்க்காதீர்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: சில், ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டு, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், டிக்கியின் தரை, கதவின் அடி. அடியில் புதிதாகக் கருப்பு கோட்டிங் கனமாக அடித்திருந்தால் அதற்கு உள்ளே என்ன இருக்கிறதென்று சுரண்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது. சில் அழுகினால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. ஹெரால்டில் பாடி தனியாக, சேசிஸ் தனியாக இருக்கும். அதில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் நான் செய்வது பென்சில் பிரிண்ட். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டின்மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து ஃபைலில் வைத்துவிடுவேன். கிரைண்டர் பிடிக்கிற பையனிடம் அந்த இடத்தைக் காட்டி, “லேய் மக்கா, இங்க மட்டும் கை வைக்காதே” என்று சொல்லி, டேப் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. நம்பர் தேய்ந்துபோன வண்டியை எந்த ஆர்.டி.ஓ.விலும் காட்ட முடியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்து வரும் தனி நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தக் கூடாது. சேசிஸும் பாடியும் இன்ஜினும் மாற்றம் செய்யப்படாமல் இருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. அதனால் 1970-களின் தொடக்கத்து அம்பாசிடரில் டீசல் இன்ஜினைத் தூக்கி வைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் இந்த விதியை முதலில் சொல்லிவிடுவேன்.

பிரிக்கிற வேலைக்கு அவசரம் ஆகாது. கழற்றுமுன் போட்டோ, கழற்றியபின் போட்டோ, பிறகு ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கவர், கவரில் எழுத்து. முடிந்தால் போல்ட்டைக் கழற்றிய துளையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவிடுங்கள். அதைவிட நல்ல பெட்டி கிடையாது. அம்பாசிடரும் ஹெரால்டும் அங்குலக் கணக்கு வண்டிகள், பத்மினி மில்லிமீட்டர் கணக்கு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் போகும். கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். துருப்பிடித்து இறுகிய நட்டில் அந்தத் தளர்வு போதும், முனை மழுங்கி உருண்டுவிடும். 7/16, 1/2, 9/16 அங்குல ரிங் ஸ்பேனர்கள் ஒரு செட் நல்லதாக வாங்கி வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி இல்லை. இறுகிய போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நட்டைக் கேஸில் சூடாக்குங்கள், பக்கத்தில் பெட்ரோல் குழாய் இல்லை என்று பார்த்த பிறகு.

இனி துரு. இதில்தான் எங்கள் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன.

உப்புக் கலந்த துரு மேலாகப் படர்வதில்லை; தகரத்துக்குள் ஊசி முனையளவு குழி குழியாக இறங்கும். குழியின் அடியில் குளோரைடு தங்கிவிடும். மேலே எமரி போட்டுப் பளபளவென்று ஆக்கி, பிரைமர் அடித்து, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெயிண்டும் அடித்தால், மறு மழைக்காலத்தில் கொப்புளமாக வெளியே வரும். உள்ளே இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். அதனால் குழிக்குள் போகும்படி பிளாஸ்டிங் செய்ய வேண்டும். சிலர் துறையிலிருந்து மணலை அள்ளிவந்து அடிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உப்பை எடுக்கப் போய் உப்பையே அடித்து ஏற்றுகிறீர்கள். அதோடு சிலிக்கா தூள் நுரையீரலில் போய் அமர்ந்தால் திரும்ப வராது. சிலிக்கோசிஸ் வந்தவருக்கு மருந்து கிடையாது. கார்னெட் என்னும் சிவப்பு மணல்தான் அதற்கு ஏற்றது. நம்ம மணவாளக்குறிச்சி அரிய மணல் ஆலையில் பிரித்தெடுக்கும் தாதுக்களில் அதுவும் ஒன்று. கார்னெட்டானாலும் முகக்கவசம் வேண்டும். பானெட், கதவு மாதிரி அகலமான தகரத்தில் அழுத்தத்தைக் குறைத்து, சாய்வாக அடிக்க வேண்டும். இல்லையென்றால் தகரம் அலை அலையாக நெளியும்.

பிராக்கெட், கிளாம்ப், கீல் மாதிரி சின்னச் சாமான்களுக்கு பிளாஸ்டிக் வாளி போதும். தண்ணீரில் சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டைப் பாசிட்டிவிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு இரவு முழுக்க விடுங்கள். காலையில் துரு கருஞ்சேறாகக் கழன்று நிற்கும். நல்ல இரும்பு ஒரு பொட்டும் குறையாது. பாசிட்டிவில் எவர்சில்வர் மட்டும் போடக் கூடாது. குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் வாளி திறந்த வெளியில் இருக்கட்டும், பீடி சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

அடுத்தது கழுவுதல். கடலோரக் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் கோடையில் கரிக்கும். அதில் கழுவினால் வேலை வீண். நாங்கள் ஓட்டுக்கூரையிலிருந்து முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறோம். கடைசிக் கழுவல் அதில்தான். உப்பு போயிற்றா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கழுவின இடத்தில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் விட்டு, பஞ்சால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிழிந்து, இரண்டு சொட்டு சில்வர் நைட்ரேட் கரைசல் விடுங்கள். பால் கலந்த மாதிரி கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது, மறுபடியும் கழுவ வேண்டும். தெளிவாக நின்றால் பிரைமர் எடுக்கலாம். பள்ளிக்கூட லேபில் செய்ததுதான். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கருப்பாகும், கையுறை போடுங்கள். இந்தச் சோதனையை வழக்கமாக்கிய பிறகு, எங்கள் ஒர்க்ஷாப்பில் பெயிண்ட் அடித்த வண்டி கொப்புளத்தோடு திரும்பி வருவது அருகிவிட்டது.

கழுவின தகரத்தை உடனே துடைத்து, ஏர் அடித்து, ஹீட்டர் காட்டி உலர்த்தி, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். இந்த ஈரக்காற்றில் வெறும் தகரம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் காவி பூத்துவிடும். அதனால் ஒரு நாளில் பிரைமர் வரை முடிக்க முடிகிற அளவு பரப்பை மட்டும் திறக்கிறேன். முழு வண்டியையும் ஒரேயடியாகச் சுரண்டிப் போட்டுவிட்டு, பிளம்பிங் வேலை, கல்யாண வீடு என்று போகிறவர்களுக்கு இந்தத் தொழில் சரிப்படாது.

அழுகின தகரத்தை வெட்டும்போது நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டுங்கள், அதைத் தாண்டி ஒரு விரலும் வேண்டாம். பழைய வண்டியின் சொந்தத் தகரம் மிஞ்சுகிற அளவுக்குத்தான் அது பழைய வண்டி. ஒட்டுப் போட்ட பிறகு உள்பக்கத்துக்கு வேக்ஸ் ஸ்பிரே போக வேண்டும். சில்லிலும் கதவு அடியிலும் இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுத் திறந்து வைக்க வேண்டும். எங்கள் ஊர் மணல் அந்தத் துளைகளை அடைத்துவிடும். அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே தின்னும்.

பெயிண்டுக்குத் தை முதல் பங்குனி வரைதான் என் காலம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. மழை நாளில் என்.சி. பெயிண்ட் அடித்தால் தின்னர் ஆவியாகும்போது தகரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஓணத்துக்குள் வேண்டும், தீபாவளிக்குள் வேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் அந்த மாதங்களில் இன்ஜின் வேலையை முடித்துத் தருகிறேன் என்பேன்.

வயரிங்கில் எர்த்தைப் பாருங்கள். லைட் மங்கல், ஹார்ன் கம்மல், செல்ஃப் இழுக்கவில்லை என்று வருகிற வண்டிகளில் பல்பையோ மோட்டாரையோ மாற்றுமுன் மீட்டரை எடுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் பல்பு ஹோல்டரின் உடம்புக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பழுது. இணைப்பைக் கழற்றி, தகரம் பளிச்சென்று தெரியத் தேய்த்து, முறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் பின்னல் பட்டையை மறக்காதீர்கள். அது அறுந்தால் செல்ஃப் போடும் கரண்ட் சோக் கேபிள் வழியாக ஓடிக் கேபிளையே பழுக்க வைக்கும். ரொம்பப் பழைய லூகாஸ் வயரிங் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். பேட்டரி மாற்றுமுன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்ரோல் இப்போது இன்னொரு கவலை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நின்றது. அதை நம்பிச் செய்த ஹெட்களில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயும். ஹெட் இறக்கும்போதே கெட்டியான சீட் இன்செர்ட் போட்டுவிடுவது நல்லது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் வருகிறது. அது பழைய ரப்பர் குழாயை இளக்கும், பம்ப் டயஃபிரத்தைக் கெடுக்கும், டாங்கில் படிந்த பழைய கசடைக் கரைத்துக் கார்புரேட்டர் ஜெட்டில் கொண்டுபோய் அடைக்கும். ஈரத்தையும் உறிஞ்சும். குழாய், டயஃபிரம், கேஸ்கெட் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். ஓட்டை டாங்கை வெல்டிங்குக்குக் கொடுக்குமுன் கழுவி, தண்ணீர் நிரப்பியே கொடுங்கள். காலி டாங்க்தான் வெடிக்கும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முன் சக்கரத்தின் கீழே இருக்கும் வெண்கல ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காதீர்கள், 90 கியர் ஆயில் விடுங்கள். கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே அடைத்துக்கொள்ளும், கீழே தண்ணீர் புகுந்து துரு பிடிக்கும், ஒரு நாள் சக்கரம் மடங்கிவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்து ஏர் அடிக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தென்னந்தடியையும் செங்கல்லையும் அடைகொடுத்து வண்டிக்கு அடியில் போகாதீர்கள். இரும்பு ஸ்டாண்டு வாங்க முடியாதவர் அடியில் போகிற வேலையே செய்ய வேண்டாம்.

வாத்தியாரின் வண்டி பங்குனியில் முடிந்தது. சாவியைக் கொடுக்கும்போது, பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி போதும் என்றேன். வாரத்துக்கு ஒருமுறை நாகர்கோவில் வரை ஓட்டச் சொன்னேன். வாசலில் நின்றபடி ஸ்டார்ட் செய்து அணைத்தால் சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீர்தான் சேரும்.

“பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு முட்டம் போலாமா?”

“தாராளமாப் போங்க சார். வந்த உடனே, ராத்திரின்னாலும் பரவாயில்ல, அடியில நல்ல தண்ணி அடிச்சிருங்க. மட்கார்டு உள்பக்கமும்.”

“போர்த் தண்ணி ஆகாது, அப்படித்தானே?”

“ஆகாது. இங்க கொண்டாங்க, மழைத்தண்ணி இருக்கு.”