சென்னையில் தெரிந்த பச்சைச் சூரியன்

கேள்வி: எங்கோ ஓர் எரிமலை வெடித்தால் அதன் பாதிப்பு நம்மூர் வரை எட்டுமா?

பதில்: எட்டியிருக்கிறது. 1883 செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சில நாட்கள் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. காரணம், ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே வெடித்துச் சிதறிய கிரகடோவா தீவு.

சோடா பாட்டிலைக் குலுக்கிவிட்டு மூடியைத் திறந்தால் நுரை பீறிடுகிறதல்லவா? எரிமலைக்குள்ளும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. கெட்டியான பாறைக் குழம்பில் நீராவியும் மற்ற வாயுக்களும் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. மேலே உள்ள பாறை தாங்காமல் போகும்போது எல்லாம் ஒரேயடியாக வெடிக்கிறது. கிரகடோவா வெடித்த ஓசை, சுமார் 4,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரோட்ரிக்ஸ் தீவில், நான்கு மணி நேரம் கழித்து, தூரத்துப் பீரங்கி முழக்கம்போலக் கேட்டது! நினைக்கவே உடம்பு சிலிர்க்கிறது.

வானில் பரவிய நுண்துகள்கள் சிவப்பு ஒளியைச் சிதறடித்துவிட, மிஞ்சிய பச்சையும் நீலமும்தான் நம்மவர் கண்ணில் பட்டன. நமக்கு அது வெறும் காட்சி. அங்கேயோ 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பல்ல, சுனாமி.

அதே இடத்தில் 1927-ல் கடலுக்கடியிலிருந்து புதிய எரிமலை ஒன்று முளைத்தது. பெயர் அனாக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் பிள்ளை. 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் கடலில் சரிந்து சுனாமி எழுந்தது. 400 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்னெச்சரிக்கையாக ஒரு பெரிய நிலநடுக்கம்கூட இல்லை.